வேற ஆளோட முறை

உன்னைச் சாமி என்று கூப்பிட்டுத்தான் எதையும் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அது வாயிலும் வரவில்லை, எழுதக் கையும் வரவில்லை. அதனால் மொட்டையாகவே ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் எடுத்ததும் "அம்மா, மீட்டிங்ல இருக்கறேன்" என்பாய். மீட்டிங் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டாலோ, நான் கத்தத் தொடங்குவதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. எழுதி முடித்ததும் உன் அப்பாவின் போனிலேயே படம் பிடித்து அனுப்புகிறேன், அந்த மனுஷனும் படிக்கட்டும். கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் நல்ல வார்த்தை நாலு இருக்க வேண்டும். தேடிப் பார், எங்காவது இருக்கும். எனக்கு இப்போது மனசு முழுக்க அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையை எழுதுவேன் என்று நானும் நினைக்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை உன் கம்பெனியில் முடிவு எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னாய். எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான். ஏழு பேர் தாராளமாக உட்காருகிற அந்தக் குடும்பக் கார் ஏற்கெனவே பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிறது. ஓட ஓடத் தானாகச் சார்ஜ் ஏறிக்கொள்ளும், யாரும் எதையும் மாட்ட வேண்டாம். அதே காரில் பெரிய பேட்டரியாக வைத்து, வீட்டுப் பிளக்கில் மாட்டிச் சார்ஜ் போடுகிற மாதிரி இன்னொரு மாடலும் கொண்டுவரலாமா, வேண்டாமா? ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் வாங்குமா என்று பார்த்துச் சொல்வது உன் பொறுப்பு. அதற்காக ஒரு சோதனைக் காரைக் கொடுத்தார்கள், நீ அதை ஓட்டிக்கொண்டு வந்தாய். வாழப்பாடியில் பெண் வீட்டில் உறுதி வார்த்தை பேசுகிற காரியமும் அதே வாரம் அமைந்துவிட்டது. "நம்ம குடும்பந்தாம்மா சாம்பிள்" என்று வாசலில் நின்று சிரித்தாய். நானும் பெருமையாகத்தான் சிரித்தேன். காருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டதும் நான்தான்.

முதலில் ஃபேர்லேண்ட்ஸில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். வரும் வழியில் உன் அக்காவைக் கூட்டிக்கொள்ள அங்கே ராத்தங்கினாய். அவளுடைய வீடு அடுக்குமாடியில். கீழே கார் நிறுத்தத்தான் இடம், பிளக் கிடையாது. நீ என்ன செய்தாய்? வாட்ச்மேன் ஃபேன் போட்டுக்கொள்கிற பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காரை மாட்டினாய். செக்ரட்டரி இறங்கி வந்தாராம். "காமன் கரண்டுங்க சார் இது. எல்லார்த்தோட காசும் இதுல இருக்குது" என்றாராம். நீ அடுத்த நிமிஷம் வயரைச் சுருட்டிக்கொண்டு "சாரி சார், தெரியாமப் போட்டுட்டேன் சார்" என்று மூன்று சார் போட்டுப் பேசினாயாம். உன் அக்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சின்னப் பையன் தப்புப் போல எடுத்துக்கொண்டேன். காமன் கரண்ட் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் சனிக்கிழமை. காரில் சார்ஜ் இறங்கிவிட்டது, பிளக்கில் போட வேண்டும் என்றாய். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பவர் பிளக் இருக்கிறது, ஜன்னல் வழியாக வயரை விட்டால் வாசல் வரைக்கும் எட்டும் என்று நான்தான் சொன்னேன். நான் அந்தப் பக்கம் போனதும் உன் அப்பா வாயைத் திறந்தாராம், பிறகுதான் எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டி, டீசல் விலைக்கு அழுது ஓய்ந்த மனுஷன். "ஊட்டுல போட்டா பில்லு எகிறும்டா. கெணத்துல ஓசி கரண்டு கெடக்குது, அதுல போடு" என்றாராம். நீ படித்தவன், கம்பெனியில் பெரிய சம்பளம் வாங்குகிறவன், உன் கார்கூட இல்லை அது, கம்பெனிக் கார். கரண்ட் பில்லைக் கம்பெனியே கொடுத்துவிடும். "அட ஆமாம்ப்பா, சூப்பர் ஐடியா" என்றாயாம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை அடுத்த வீட்டுக்காரர்களைப் பார்த்து நான் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் வீட்டிலேயே இரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள் என்று தெரியாமல் போயிற்று.

காரைக் கிணற்று மேட்டுக்கு ஓட்டிப் போய் மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்தீர்கள். மோட்டாரும் ஓடிக் காரும் சார்ஜ் ஏறினால் பியூஸ் போய்விடுகிறது என்று கண்டுகொண்டு மோட்டாரை நிறுத்தினீர்கள். யாராவது வந்து வயரைத் தொட்டுவிடுவார்கள் என்று ரூமைப் பூட்டிச் சாவியை நீ பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் மறுநாளைக்குத் தட்டு வைக்கப் பழமும் பூவும் வாங்க நாமகிரிப்பேட்டைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து சமையல்கட்டில் நிற்கிறேன், உன் சின்னம்மா சரசா பின்வாசலில் வந்து நின்றாள். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, காலில் காய்ந்த மண். "ஏனுங்க்கா, கரண்டு போயிருச்சுங்களா? காத்தாலயிருந்து பாக்கறேன், மோட்டாரு ஓடுல. ரூமும் பூட்டியிருக்குது" என்றாள். என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவளும் அதை நிமிர்ந்து பார்த்தாள். நான் "ஒரு பேஸு போயிருக்கும், சரசா. கம்பத்துல ஏதாச்சும் பண்ணுவாங்களாட்ட இருக்குது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் "சரிங்க்கா, வந்துரும்" என்று போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நீ உள்ளே ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

உனக்கு முறை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை வந்ததே, அதுதான் குமட்டுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நம் கிணறு மூன்று பங்கு. ஊறுகிற தண்ணீர் ஒரு நாள் பாய்ச்சுவதற்கே பாடாய்ப் படுகிறது. அதனால்தான் திங்கள் ஒரு பங்காளிக்கு, வியாழன் நமக்கு, சனி சரசாவுக்கு. நடுவில் வருகிற நாளெல்லாம் கிணறு ஊற வேண்டும், யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது. முறை போனால் போனதுதான், அடுத்த வாரம்தான் வரும். இதை எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை. மீறினால் கேட்க ஒரு செக்ரட்டரியும் இல்லை. ஆனால் உன் சித்தப்பா செத்துக் கிடந்த நாள் ஒரு சனிக்கிழமை. எழவு வீட்டில் எல்லோரும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பாவைக் காணோம் என்று தேடினார்கள். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பி வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். "அவன் போயிட்டான், அவனோட முறை போவலாமா" என்று அழுதுகொண்டே தண்ணீர் கட்டிவிட்டு வந்துதான் பாடை தூக்கினார். அந்த மனுஷன்தான் இப்போது ஓசி கரண்ட் என்றார். நான் அவரோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாழப்பாடிக்குக் கிளம்பினோம். சரசாவைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும் என்று நான்தான் நின்றேன். தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு எதற்கு என்று எவனாவது வாயைத் திறந்தால் வாயிலேயே போடுவேன் என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன். அவளைக் கடைசி சீட்டில் போட்டாய். பிளக் மாடலில் பேட்டரி பெரிசு, அதனால் பின்னால் தளம் கொஞ்சம் உயரம் என்று விளக்கம் வேறு சொன்னாய். கொஞ்சமா அது? அவள் முழங்கால் மோவாயைத் தொட்டது. டிக்கியில் இடம் போதாமல் இரண்டு தட்டை அவள் மடியில் வைத்தோம். வெற்றிலையும் தேங்காயும் சரியாமல் பிடித்துக்கொண்டு வாழப்பாடி வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் வெளியே வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வயலில் சின்ன வெங்காயம் காய் பெருக்குகிற நேரம். முந்தின நாள் தண்ணீர் பாய வேண்டியது பாயவில்லை, காற்று வேறு அனல் மாதிரி அடிக்கிறது. எனக்கு அவள் பார்வை புரிந்தது. காரணம்தான் அப்போது தெரியவில்லை.

அந்த வீட்டில் நல்ல மனுஷர்கள். பேச்செல்லாம் சுமுகமாக முடிந்து பலகாரம் வந்தது. பெண்ணின் அப்பா காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பிளக்குல போடறதுன்னா வூட்டு பில்லு ஜாஸ்தி வருமே மாப்பிள்ளை" என்று கேட்டார். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஊட்டுல எதுக்குங்க போடறோம்? கெணத்துல ஃப்ரீ கரண்டு இருக்குதுல்ல. நேத்து பூரா அதுலதான் போட்டேன். பத்துப் பைசா செலவில்லீங்க" என்றாய். எனக்கு வாயில் போட்ட மைசூர்பாகு அப்படியே நின்றுவிட்டது. காபி கொடுக்க வந்த கல்யாணப் பெண் டம்ளரோடு நின்று கேட்டாளே ஒரு கேள்வி: "அப்ப தண்ணி எப்படிக் கட்டுனாங்க?" விவசாய வீட்டுப் பெண் அவள். காரைப் பற்றி எல்லோரும் மைலேஜ் கேட்டார்கள், அவள் ஒருத்திதான் தண்ணீரைக் கேட்டாள். அதற்கு நீ சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்குச் சாகிற வரைக்கும் மறக்காது. "அது நேத்து நம்ம முறை இல்லீங்க. வேற ஆளோட முறை."

வேற ஆள் உனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் பலகாரத் தட்டு இருந்தது. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் உன்னைத் தோளில் தூக்கிப் போய்ப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டவள் அந்த வேற ஆள். நீ காலேஜ் சேர்ந்தபோது தன் பேத்திக்கென்று வைத்திருந்த ஆட்டை விற்று உனக்குச் சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தவள். உனக்கு அவள் சின்னம்மா முறை. அந்த முறையும் தெரியவில்லை, இந்த முறையும் தெரியவில்லை. சீ! அவள் முகத்தை நான் பார்த்தேன். கோபம் ஏதும் இல்லை. ஃபேன் சுற்றிய காரணம் இப்போதுதான் புரிந்தது என்கிற மாதிரி ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். தட்டை மட்டும் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணும் அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். உனக்குப் போட்ட காபியை உன் கையில் கொடுக்காமல் டீப்பாயில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை வீட்டுக் கௌரவம் என்று நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பி வரும்போதும் அவள் அதே கடைசி சீட்டில்தான் வந்தாள். நான் முன்னால் வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. ராசிபுரம் தாண்டி வரும்போது அவளே வாயைத் திறந்தாள். "காரு நல்லா குளுகுளுன்னு இருக்குதுங்க்கா" என்றாள். குத்தலாகச் சொல்லத் தெரியாதவள் அவள். நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னாள். நீ கண்ணாடியில் பார்த்து "தேங்க்ஸ் சின்னம்மா" என்றாய். எனக்கு அந்த ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடலாம் போல இருந்தது. வீடு வந்ததும் உன் மேலதிகாரிக்குப் போன் போட்டு, வாசலில் நடந்துகொண்டே பேசினாய். "சார், எங்க பக்கம் ரன்னிங் காஸ்ட்டே கிடையாதுங்க சார். தோட்டத்துக்குத் தோட்டம் ஃப்ரீ சர்வீஸ் இருக்குது. இதையே மெயின் பாயிண்டா வெச்சுப் பிளக் மாடல் வேணும்னு சொல்லிரலாம் சார்." அந்தப் பக்கம் அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. பயிருக்கென்று கொடுத்த கரண்டைக் காருக்குத் திருடுகிற கூட்டம் என்று நம் ஊர் பூராவையும் எழுதிக் கொடுத்து, அதன் பேரில் வண்டி விற்கப் போகிறாய். யோசித்துப் பார். நீ சொல்கிறபடியே நடந்து இந்தப் பக்கம் தோட்டத்துக்கொரு கார் நின்றால், அத்தனை கிணற்று மேட்டிலும் ஒரு சரசா மண்வெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். உனக்கு அது பிரமோஷன். தூ!

சரி, சாம்பிள் குடும்பம் என்றாயே, சாம்பிள் சொல்வதையும் கேட்டுக்கொள். எனக்கு அந்தப் பிளக் மேல் ஒரு கோபமும் இல்லை. அது வேண்டும் என்றுதான் சொல்வேன். என் ஓட்டமெல்லாம் என்ன? நாமகிரிப்பேட்டை சந்தை, ராசிபுரம் ஆஸ்பத்திரி, கோயில், ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து. எல்லாம் போய்விட்டுப் பொழுதோடு திரும்புகிற தூரம். அதற்குப் பெட்ரோல் ஊற்றாமல் பேட்டரியிலேயே போய் வந்தால் நல்லதுதானே? சென்னைக்கோ பழனிக்கோ போகிற அன்றைக்குப் பெட்ரோல் இருக்கவே இருக்கிறது, நடுவழியில் நின்றுவிடுமோ என்கிற பயமும் இல்லை. சொந்த வாசலும் சொந்த மீட்டரும் இருக்கிறவனுக்கு அது சரியான வண்டி. உன் அக்கா மாதிரி மாடி வீட்டில் இருக்கிறவளுக்கு அதைத் தலையில் கட்டாதே. மாட்ட இடமில்லாமல் அந்தப் பெரிய பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு திரிவாள், அவளுக்கு இப்போது இருக்கிற தானாகச் சார்ஜ் ஏறுகிற மாடலே போதும். அதனால் அதையும் நிறுத்தாமல் இதையும் கொண்டுவரச் சொல். கூடவே கடைசி சீட்டைப் பற்றிச் சொல். குடும்ப வண்டி, விசாலமான வண்டி என்று பேர் வைத்துவிட்டு, பேட்டரிக்கு இடம் வேண்டும் என்றதும் கடைசியில் உட்காருகிறவர்களின் காலில் கையை வைத்திருக்கிறீர்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் இப்படித்தான் ஆகும். அதைச் சரிசெய்ய முடியாவிட்டால் ஐந்து பேர் வண்டி என்று சொல்லி விற்கச் சொல், பொய் சொல்ல வேண்டாம்.

ஆனால் கிணற்றுக் கரண்ட் என்கிற பேச்சை அதிலிருந்து எடுத்துவிடு. அந்தப் பேச்சின் மேல்தான் வண்டி விற்கும் என்றால் அப்படி ஒரு வண்டி வரவே வேண்டாம். செலவு என்ன ஆகும் என்று கேட்டால் வீட்டு மீட்டரில் என்ன ஆகுமோ அதைச் சொல். திங்கட்கிழமைக்குள் உன் மேலதிகாரியிடம் பேசி, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடு. ஃபேர்லேண்ட்ஸ் செக்ரட்டரியிடம் மூன்று சார் போட்டுச் சாரி கேட்ட வாய்தானே, வளையும். வாசல் தூண் பக்கத்தில் ஒரு பவர் பிளக் வைக்க எலக்ட்ரீசியனிடம் சொல்லிவிட்டேன், வீட்டு மீட்டரிலிருந்துதான். இனிமேல் எந்தக் காரைக் கொண்டுவந்தாலும் அதில்தான் மாட்ட வேண்டும். வாழப்பாடிப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் கேட்டதற்கு நீ இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போன் பண்ணிச் சொல்லிவிடு. தண்ணீரைக் கேட்கத் தெரிந்த பெண் நம் வீட்டுக்கு வருவது உன் அதிர்ஷ்டம். அவளுக்கு அது அதிர்ஷ்டமா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குக் காலையில் சரசாவின் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். வெங்காயத் தாள் நுனி கருகிச் சுருளத் தொடங்கிவிட்டது. நேற்றுத் திங்கட்கிழமை பங்காளி தன் முறைக்குத் தண்ணீர் கட்டிவிட்டார், அவரை ஒன்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமை வரைக்கும் அவள் பயிர் தாங்காது. ஒரு தடவை மோட்டாரைப் போட்டுக்கோ சரசா என்று நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "அது எப்படிங்க்கா, இன்னிக்கு எம்முறை இல்லீங்களே" என்கிறாள். நாளை மறுநாள் வியாழக்கிழமை நம் முறை. நம் மஞ்சள் காய்ந்தால் காயட்டும், அன்றைக்குத் தண்ணீர் முழுக்க அவள் வயலுக்கு. மடை மாற்ற உன் அப்பா வருகிறேன் என்று முணுமுணுத்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீதான் வர வேண்டும். லீவு போடு. கார் கொண்டுவராதே, பஸ்ஸில் வா.

மோட்டார் ரூம் சாவி இனிமேல் நம் வீட்டில் இருக்காது. சரசாவிடம் கொடுத்துவிட்டேன். பஸ் இறங்கினதும் நேராக அவள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, "சின்னம்மா, சாவி குடுங்க" என்று கேட்டு வாங்கு. ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். முந்தானையில் முடிந்து வைத்திருப்பதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "வா சாமி, வெய்யில்ல வந்தியா, மோரு குடிக்கறியா" என்றுதான் கேட்பாள். எனக்கு வாயில் வராத அந்த வார்த்தை அவள் வாயில் வரும். குடித்துவிட்டு மண்வெட்டியை எடு.